வாசகர் கேள்வி-பதில்: பாதியில் நிற்கும் கல்லூரிப் படிப்பும் ரிக்ரெஷன் கணக்கும்

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விடும் மாணவர்களைப் பற்றியும், அதை ஆராய உதவும் புள்ளியியல் முறையைப் பற்றியும் வந்த கேள்விகள் இம்முறை ஒன்றாகத் தொகுக்கப்பட்டுள்ளன.

கேள்வி: எங்கள் ஆலயத்தின் கல்வி நிதியிலிருந்து ஆண்டுதோறும் கல்லூரி மாணவர்களுக்கு உதவி வழங்கி வருகிறோம். அவர்களுள் சிலர் படிப்பை முடிக்காமலே நின்றுவிடுகிறார்கள். எஸ்.பி.எம். (மலேசிய இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) தேர்ச்சி, குடும்ப வருமானம், வீட்டுக்கும் கல்லூரிக்கும் உள்ள தூரம், பகுதிநேர வேலை ஆகிய விவரங்கள் எங்கள் கோப்பில் இருக்கின்றன. இவற்றை வைத்து ரிக்ரெஷன் செய்தால், அவர்கள் நின்றதற்கான காரணம் தெரிந்துவிடுமா?
– கல்வி நிதிக்குழுச் செயலாளர், பட்டர்வொர்த்

பதில்: காரணம் தெரிந்துவிடாது, காரணத்தை எங்கே தேடலாம் என்பது ஓரளவு தெரியவரும். ரிக்ரெஷன் எனப்படும் தொடர்புப்போக்குப் பகுப்பாய்வு செய்வது ஒப்பீடு மட்டுமே. எஸ்.பி.எம். தேர்ச்சியும் வருமானமும் தூரமும் ஏறத்தாழ ஒன்றாக உள்ள மாணவர்களை எடுத்துக்கொண்டு, அவர்களுள் வேலைக்குச் செல்பவருக்கும் செல்லாதவருக்கும் இடையே படிப்பை விடும் வாய்ப்பு எவ்வளவு வேறுபடுகிறது என்பதை அது மதிப்பிட்டுத் தரும். அந்த வேறுபாடு வேலையால்தான் வந்தது என்று அது சொல்வதில்லை. இந்த எச்சரிக்கை புதிதன்று. 1899-ஆம் ஆண்டில் உட்னி யூல் என்னும் புள்ளியியல் அறிஞர், இங்கிலாந்தில் ஏழ்மை நிவாரணம் பெறுவோரின் எண்ணிக்கை மாறியதற்கான காரணங்களை இம்முறையால் ஆராய்ந்தார். சமூகப் பிரச்சினை ஒன்றுக்குப் பல மாறிகள் (வருமானம், தூரம் போல ஆளுக்கு ஆள் மாறும் விவரங்கள்) கொண்ட ரிக்ரெஷனைப் பயன்படுத்திய தொடக்ககால முயற்சிகளுள் அது முக்கியமானது. கட்டுரைத் தலைப்பிலேயே 'காரணங்கள்' என்று எழுதிவிட்ட அவர், அடிக்குறிப்பு ஒன்றில், 'இதனால் நிகழ்ந்தது' என்று தாம் எழுதியதைக் கண்டிப்பாகப் பார்த்தால் 'இதனோடு தொடர்புடையது' என்றே படிக்க வேண்டும் என்று குறிப்பிட்டார். இன்றும் பல ஆய்வேடுகளுக்கு அந்த அடிக்குறிப்பு தேவைப்படுகிறது.

கணக்கில் இறங்குவதற்கு முன், 'நின்றவர்' என்று யாரைச் சொல்கிறீர்கள் என்பதை நிதிக்குழு முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒரு பருவத்தை ஒத்திவைத்துவிட்டுத் திரும்பியவர், தனியார் கல்லூரியிலிருந்து விலகிப் பாலிடெக்னிக்கில் சேர்ந்தவர், தேர்ச்சி போதாமல் நீக்கப்பட்டவர், நல்ல மதிப்பெண் இருந்தும் தாமாக விலகியவர் ஆகிய நால்வரையும் ஒரே வகையில் பதிந்தால், கிடைக்கும் விடை நால்வரில் எவருக்கும் பொருந்தாது. இத்துறையில் பெரிதும் மேற்கோள் காட்டப்படும் அமெரிக்க ஆய்வாளர் வின்சென்ட் டின்டோ, 1975-இல் எழுதிய கட்டுரையில் முந்தைய ஆய்வுகளின் மீது வைத்த முதன்மையான குறைகளுள் ஒன்று, தேர்ச்சி பெறாமல் வெளியேறுவதையும் தாமாக விலகுவதையும் அவை பிரித்துப் பார்க்கவில்லை என்பதே ஆகும். இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்களை எப்படிப் பதிவது என்பதும் இதைப் போன்ற சிக்கல்தான். அவர்கள் முடித்தவர்களும் அல்லர், நின்றவர்களும் அல்லர். அவர்களைக் கோப்பிலிருந்து நீக்கிவிட்டாலும் விடை கோணிப்போகும். ஒரு மாணவருக்கு ஒரு வரி என்று எழுதாமல், ஒரு பருவத்துக்கு ஒரு வரி என்று எழுதி, அப்பருவத் தொடக்கத்தில் இருந்தவர் அதன் இறுதியிலும் இருந்தாரா என்று பதிவது எளிய வழி. இப்படிச் செய்தால் மூன்றாம் பருவத்தில் படித்துக்கொண்டிருப்பவர் தம் இரண்டு பருவங்களை ஒப்பீட்டுக்குத் தருகிறார். யார் விடுகிறார் என்பதோடு எப்போது விடுகிறார் என்பதும் புலப்படுகிறது. நிதிக்குழுவுக்கு இரண்டாவது விவரமே கூடுதலாகப் பயன்படும் என்பது என் கருத்து. எந்தப் பருவத்தில் பணம் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை முடிவு செய்வது அதுதானே.

விடை 'இருக்கிறார்', 'இல்லை' என்ற இரண்டில் ஒன்றாக அமைவதால், லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்ற வகையே பொதுவாகக் கையாளப்படுகிறது. நேர்கோட்டு வகையைப் பயன்படுத்தினால், சில மாணவர்களுக்கு நூற்றுக்கு மேலோ சுழியத்துக்குக் கீழோ வாய்ப்பு இருப்பதாகக் கூட விடை வந்துவிடும். லாஜிஸ்டிக் அட்டவணையில் 'ஆட்ஸ் ரேஷியோ' என்று ஓர் எண் வரும்; பெரும்பாலான தவறான செய்திகள் அங்கேதான் பிறக்கின்றன. எடுத்துக்காட்டாக, வேலைக்குச் செல்லும் 100 பேரில் 20 பேரும், செல்லாத 100 பேரில் 10 பேரும் படிப்பை விட்டதாக வைத்துக்கொள்வோம். முதல் பிரிவில் விட்டவருக்கும் நீடித்தவருக்கும் உள்ள விகிதம் 20-க்கு 80. இரண்டாம் பிரிவில் 10-க்கு 90. முதல் விகிதத்தை இரண்டாவதால் வகுத்தால் 2.25 வரும். ஆனால் விடும் வாய்ப்பு உயர்ந்தது பத்திலிருந்து இருபதுக்கு, அதாவது இரண்டு மடங்குதான். இன்னொரு கல்லூரியில் இதே எண்கள் 60, 40 என்று இருந்தாலும் ஆட்ஸ் ரேஷியோ அதே 2.25தான், அங்கே வாய்ப்பின் உயர்வு ஒன்றரை மடங்கு மட்டுமே. ஆகவே உறுப்பினர் கூட்டத்தில் பேசும்போது, 2.25 என்ற எண்ணை விட்டுவிட்டு 'நூற்றுக்குப் பத்துப் பேர், இருபது பேர்' என்று சொல்லுங்கள்.

உங்கள் கோப்பைப் பற்றி மேலும் மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாவது, கணக்கின் வலிமையைத் தீர்மானிப்பது மொத்த மாணவர் எண்ணிக்கை அன்று, விட்டவர்களின் எண்ணிக்கையே. ஒரு மாறிக்கு விட்டவர்கள் குறைந்தது பத்துப் பேராவது இருக்க வேண்டும் என்பது லாஜிஸ்டிக் ரிக்ரெஷனில் பரவலாகச் சொல்லப்படும் தோராய விதி. 400 பேர் இருந்தும் நின்றவர்கள் 40 பேர்தான் என்றால் நான்கு மாறிகளுக்கு மேல் போகாதீர்கள். இரண்டாவது, நீங்கள் உதவியவர்கள் அனைவரும் நல்ல தேர்ச்சியும் குறைந்த வருமானமும் உள்ளவர்கள் என்று ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். வருமானம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் கோப்பில் வருமானத்தின் விளைவு கண்ணில் படாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒன்றாய் வெந்த சோற்றுக்குத்தான் பொருந்தும். உங்கள் கோப்பில் இருப்பவர்களோ பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். மூன்றாவது, படிப்பை விட்டவர்கள் நிதிக்குழுவின் படிவத்தைத் திருப்பி அனுப்புவது அரிது. கட்டம் ஒன்று காலியாக இருந்தாலும் பெரும்பாலான மென்பொருள்கள் அந்த மாணவரின் வரி முழுவதையும் ஓசையின்றி விட்டுவிடும். நீங்கள் யாரைப் பற்றி அறிய விரும்புகிறீர்களோ அவர்களே கணக்கில் இல்லாமல் போவார்கள் என்பதால், எத்தனை பேர் கணக்கில் வந்தார்கள் என்ற எண்ணை அட்டவணையில் முதலில் பாருங்கள்.

கேள்வி: இளங்கலை இறுதியாண்டு ஆய்வேட்டுக்காக மாணவர் இடைநிற்றலை ஆராய்கிறேன். குடும்ப வருமானத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டபோது அதன் விளைவு தெளிவாகத் தெரிந்தது. முதல் பருவத்தின் சி.ஜி.பி.ஏ. என்னும் மதிப்பெண் சராசரியைச் சேர்த்ததும் வருமானத்தின் விளைவு ஏறக்குறைய மறைந்துவிட்டது. அப்படியானால் வருமானம் முக்கியமில்லை, படிப்புத் திறமைதான் முக்கியம் என்று முடிவுரையில் எழுதலாமா?
– பல்கலைக்கழக மாணவி, கோலாலம்பூர்

பதில்: அப்படி எழுத வேண்டாம். இத்துறையில் மிக அதிகமாகக் காணப்படும் தவறு இதுதான் என்பதால் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

குறைந்த வருமானம் படிப்பை எவ்வழியாகப் பாதிக்கிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். கட்டணத்துக்கும் அறை வாடகைக்கும் பணம் போதாத மாணவர் மாலையில் உணவகத்திலோ பேரங்காடியிலோ வேலைக்குச் செல்கிறார். இரவு வெகுநேரம் கழித்துத் திரும்புகிறார். காலை வகுப்பைத் தவறவிடுகிறார். முதல் பருவத் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெறுகிறார். மனம் தளர்ந்து விலகுகிறார். இந்தச் சங்கிலியில் சி.ஜி.பி.ஏ. வருமானத்துக்குப் போட்டியான காரணம் அன்று. வருமானம் செயல்படும் வழியிலேயே அதுவும் ஒரு கண்ணி. அதைச் சமன்பாட்டில் சேர்த்து, 'ஒரே சி.ஜி.பி.ஏ. பெற்றவர்களுள் ஏழைக்கும் வசதியானவருக்கும் என்ன வேறுபாடு' என்று கேட்கும்போது, வறுமை செய்த வேலையின் பெரும்பகுதியை நீங்களே கணக்கிலிருந்து கழித்துவிடுகிறீர்கள். எஞ்சியது சிறிதாக இருப்பதில் வியப்பில்லை.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு. 2.30 என்ற ஒரே சி.ஜி.பி.ஏ. பெற்ற இருவரை ஒப்பிடுங்கள். ஒருவர் வாரத்துக்கு இருபத்தைந்து மணி நேரம் வேலை செய்துகொண்டே அதைப் பெற்றவர். மற்றவர் வேறு கவலையின்றிப் படித்து அதே மதிப்பெண்ணில் நின்றவர். எண் ஒன்றாக இருந்தாலும் இவர்கள் ஒத்தவர்கள் அல்லர். முதலாமவரிடம் உங்கள் படிவத்தில் இடம் பெறாத ஊக்கமோ திறமையோ கூடுதலாக இருக்க வேண்டும். அதனாலேயே அவர் எளிதில் விட்டுவிடாமல் நீடிக்கக்கூடும். ஆகவே சி.ஜி.பி.ஏ.-வைச் சமப்படுத்தியதன் மூலம், நியாயமான ஒப்பீட்டை நோக்கிச் செல்வதற்குப் பதிலாக, திறமை கூடிய ஏழை மாணவரைத் திறமை குறைந்த வசதியான மாணவருக்கு எதிரே நிறுத்தியிருக்கிறீர்கள். இத்தகைய கணக்குகளில் வறுமை படிப்புக்கு நன்மை செய்வது போல விடை தலைகீழாக வருவதும் உண்டு. அதை நம்பி அறிக்கை எழுதுபவர்களும் இருக்கிறார்கள்.

ஆய்வேட்டில் நீங்கள் செய்யக்கூடியது, இரண்டு சமன்பாடுகளையும் அடுத்தடுத்துக் கொடுத்து, ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்கு விடை என்று தெளிவாக எழுதுவதுதான். வருமானத்தின் மொத்த விளைவு என்ன என்பது முதல் சமன்பாட்டின் கேள்வி. அதில் கல்லூரியில் சேர்வதற்கு முன்பே முடிவாகிவிட்டவை மட்டும் இருக்க வேண்டும்: பெற்றோரின் கல்வி, வந்த ஊர், எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேசன் என்ற நுழைவு வழி முதலியவை. இரண்டாவது சமன்பாடு, முதல் பருவ முடிவில் யாரை அழைத்துப் பேசலாம் என்று கண்டறிய விரும்பும் ஆலோசகருக்கு உதவும், அங்கே சி.ஜி.பி.ஏ. கட்டாயம் வேண்டும். காரணம் தேடுவதற்கான சமன்பாடும் முன்கூட்டிக் கணிப்பதற்கான சமன்பாடும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை; பெரும்பாலும் ஒன்றாக இருப்பதுமில்லை.

வேலை நேரத்தைச் சேர்ப்பதாக இருந்தால், எந்தக் காலத்து வேலை நேரம் என்பதைக் கவனியுங்கள். படிப்பில் பிடிப்பை இழந்தவர் அதன் பின்னரே கூடுதல் நேரம் வேலைக்குப் போகத் தொடங்குவார். விலகும்போது இருந்த வேலை நேரத்தைப் பதிந்தால் விளைவைக் காரணமாக எண்ணிவிடுவீர்கள்; முதல் பருவத் தொடக்கத்தில் இருந்ததைப் பதியுங்கள்.

கேள்வி: இதற்கெல்லாம் எக்செல் போதுமா? விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டுமா?
– வாசகர், பிறை

பதில்: எக்செலின் தரவுப் பகுப்பாய்வுக் கருவியில் நேர்கோட்டு ரிக்ரெஷன் உண்டு, லாஜிஸ்டிக் வகை அதில் நேரடியாக இல்லை. ஆர், ஜமோவி ஆகிய புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். நிரல் எழுதத் தயங்குபவர்கள் ஜமோவியிலிருந்து தொடங்கலாம்.

கேள்வி: அண்மையில் ஒரு கருத்தரங்கில் பேச்சாளர் ஒருவர் ரிக்ரெஷன் அட்டவணை ஒன்றைக் காட்டி, மற்ற எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் 'இந்திய மாணவர்' என்பதே படிப்பை விடுவதோடு தொடர்புடையதாக இருக்கிறது என்றார். இந்தியர்கள் மிகுந்து வாழும் மாவட்டங்களின் புள்ளிவிவரமும் அதையே காட்டுவதாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த பெற்றோர் பலர் முகம் வாடியது. இதை எப்படி எடுத்துக்கொள்வது?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: 'மற்ற எல்லாவற்றையும்' என்று யாராவது சொன்னால், அந்த 'எல்லாம்' எவை என்று எழுந்து கேட்க வேண்டும். வழக்கமாக அவை வயது, பாலினம், எஸ்.பி.எம். தேர்ச்சி, வருமானப் பிரிவு என்ற நான்கைந்து மாறிகளைத் தாண்டுவதில்லை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவரா, கட்டணம் பெற்றோரின் கையிருப்பிலிருந்து வந்ததா அல்லது கடனாக வந்ததா, விரும்பிய துறை கிடைத்ததா அல்லது கிடைத்த துறையில் சேர்ந்தாரா, நாள்தோறும் பேருந்தில் எவ்வளவு நேரம் போகிறது போன்றவை படிவத்தில் இருப்பதில்லை. இப்படி அளக்கப்படாதவை ஓர் இனத்தாரிடையே கூடுதலாகக் காணப்பட்டால், அவற்றின் சுமை முழுவதும் இனம் என்ற மாறியின் கெழுவில், அதாவது அதன் விளைவைக் காட்டும் எண்ணில், வந்து ஏறிக்கொள்ளும். அந்தக் கெழு பெரிதாக இருந்தால், இன்னும் அளக்க வேண்டியது நிறைய இருக்கிறது என்றே அதைப் படிக்க வேண்டும். அதைப் பண்பாட்டின் மீதான தீர்ப்பாகப் படிப்பதற்குப் புள்ளியியல் இடம் தருவதில்லை.

மாவட்டப் புள்ளிவிவரம் இன்னும் வலுவற்றது. 1950-இல் வில்லியம் ராபின்சன் என்னும் சமூகவியலாளர், 1930-ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை வைத்து இதைத் தெளிவாகக் காட்டினார். வெளிநாட்டில் பிறந்தோர் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவாக இருந்தது. ஆனால் தனி மனிதர்களாகப் பார்த்தபோது, வெளிநாட்டில் பிறந்தோரிடையேதான் எழுத்தறிவின்மை சற்று அதிகம். குடியேறியவர்கள் ஏற்கெனவே எழுத்தறிவு உயர்ந்த மாநிலங்களில் சென்று தங்கியதே இந்த முரணுக்குக் காரணம். வட்டாரத்தின் சராசரியிலிருந்து அங்கே வாழும் ஒரு பிரிவினரின் நிலையை ஊகிக்க முடியாது என்பதை அன்று முதல் புள்ளியியல் பாடங்களில் கற்பித்து வருகிறார்கள். அந்தப் பேச்சாளரிடம் மாவட்ட எண்கள் மட்டுமே இருந்திருந்தால், மாணவர்களைப் பற்றி அவர் எதுவும் சொல்லியிருக்கக் கூடாது.

கேள்வி: என் மகன் தனியார் கல்லூரி ஒன்றில் முதலாம் ஆண்டு படிக்கிறான். அவன் பெயர் 'படிப்பை விடும் அபாயம் உள்ளவர்கள்' பட்டியலில் இருப்பதாகக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கணினிக் கணக்கு அப்படிச் சொல்கிறதாம். பணத்தை வீணாக்காமல் இப்போதே நிறுத்திவிடலாமா என்று மனைவி கேட்கிறாள். என்ன செய்வது?
– தந்தை, செந்தூல்

பதில்: ஐயா, நிறுத்த வேண்டாம். அந்தக் கணக்கு உங்கள் மகனைப் பற்றியது அன்று. முந்தைய ஆண்டுகளில் அவரைப் போன்ற விவரங்கள் கொண்டிருந்த மாணவர்களைப் பற்றியது. ஒரு கற்பனை எண்ணை வைத்துப் பார்ப்போம். ஆயிரம் மாணவர்களில் 100 பேர் படிப்பை விடப்போகிறார்கள் என்றும், கல்லூரி 200 பேரைப் பட்டியலிட்டு அந்த 100 பேரில் 70 பேரைச் சரியாகப் பிடித்துவிட்டது என்றும் வைத்துக்கொள்வோம். நல்ல பட்டியல் என்றே இதைச் சொல்ல வேண்டும். அப்படியிருந்தும் பட்டியலில் உள்ள 200 பேரில் 130 பேர் படிப்பை முடிப்பவர்கள்.

கல்லூரியிடம் நீங்கள் கேட்க வேண்டியது, பட்டியலில் உள்ளவர்களுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைத்தான். கூடுதல் வகுப்பு, ஆலோசகருடன் சந்திப்பு, கட்டணத்தைத் தவணையில் செலுத்த வசதி என்று ஏதாவது இருந்தால் அந்தக் கடிதம் உங்களுக்கு நன்மையே. பட்டியல் வேறு விதமாகவும் பயன்படக்கூடும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவர், தடுமாறக்கூடிய புதிய மாணவர்களைக் கருத்தாய்வு மூலம் கண்டறிந்து, நிறுவனத்தின் விகிதக் கணக்கு அழகாக இருப்பதற்காக அவர்களைத் தொடக்கத்திலேயே வெளியேறத் தூண்டத் திட்டமிட்டதாகச் செய்தி வெளியாகி, பெரும் எதிர்ப்புக்குப் பின் 2016-இல் பதவி விலகினார். உங்கள் கடிதத்தில் உதவி பற்றி ஒரு சொல்லும் இல்லாவிட்டால், நேரில் சென்று எழுத்து வடிவில் பதில் கேளுங்கள். மகன் பி.டி.பி.டி.என். என்னும் அரசு உயர்கல்வி நிதியின் கடன் பெற்றிருந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: படிப்பு நின்றாலும் பெற்ற கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டும், கையில் சான்றிதழ் மட்டும் இராது.

கேள்வி: எங்கள் இளைஞர் அமைப்பிடம் சிறு தொகை இருக்கிறது. அதை மாணவர்களுக்கு ரொக்கமாகக் கொடுப்பதா, வழிகாட்டி ஒருவரை நியமிப்பதா என்பதை ரிக்ரெஷன் முடிவு செய்து தருமா?
– அமைப்பின் பொருளாளர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: பழைய கோப்பை வைத்துச் செய்யும் ரிக்ரெஷன் இதை முடிவு செய்யாது. வழிகாட்டியிடம் தாமாகச் சென்றவர்கள் கூடுதலாகப் படிப்பை முடித்திருந்தால், அது வழிகாட்டியால் வந்ததா, தேடிச் செல்லும் மனம் அவர்களிடம் முன்பே இருந்ததால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. எத்தனை மாறிகளைச் சேர்த்தாலும் அந்த மனத்தை அளக்கும் கட்டம் படிவத்தில் இராது. நேர்மாறாக, ஆலோசகர் தடுமாறுபவர்களையே அழைத்துப் பேசியிருந்தால், ஆலோசனை பெற்றவர்களே அதிகம் விட்டதாகக் கணக்கு காட்டும்!

இதற்குச் சிறந்த வழி குலுக்கல். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தொடங்கிய ஏசாப் என்னும் திட்டம் அவ்வாறு சோதிக்கப்பட்டது. தனி ஆலோசகர், கட்டண இடைவெளியை நிரப்பும் தொகை, இலவசப் பயண அட்டை, பாடநூல் உதவி ஆகியவற்றை அது ஒன்றாகக் கொடுத்தது. பதிலுக்கு முழுநேரமாகப் படிக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. குலுக்கலில் இடம் பெற்றவர்களுள் மூன்று ஆண்டுகளில் பட்டயம் முடித்தவர்கள் 40 விழுக்காடு. இடம் பெறாதவர்களுள் 22 விழுக்காடு. ரொக்கமா வழிகாட்டியா என்று நீங்கள் கேட்கிறீர்கள்; அங்கே இரண்டும் சேர்ந்தே வேலை செய்தன. எனவே எந்தப் பகுதி எவ்வளவு உதவியது என்பதை அந்தச் சோதனையிலிருந்தும் பிரித்தெடுக்க முடியாது.

உங்கள் அமைப்புக்கு இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமாக வருமானால், தகுதியுள்ளவர்களுள் குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு ரொக்கமும் மற்றொரு பகுதியினருக்கு வழிகாட்டியும் கொடுங்கள். சிபாரிசில் கொடுப்பதைவிட இது நியாயமானது என்பதால் உறுப்பினர்களும் ஏற்றுக்கொள்வார்கள். குலுக்கலில் பெயர் வராதவர்களிடமும் தொடர்பு எண்ணைப் பெற்று, ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அழைத்து, படிப்பைத் தொடர்கிறார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர்களைப் பற்றிய பதிவு இல்லாவிட்டால் ஒப்பிடுவதற்கு எதுவும் இராது.